விவாகரத்தில் என் பங்குக்கு வந்த நாத்தனார்

பிப்ரவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இதற்குள் ஊரைக் கூட்டியிருப்பாய். மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

போன வாரம் போனில் நீ பேசிய வேகத்தில், நான் சொல்ல வந்த சேதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. நீ ஓட்டும் பஸ்ஸில் ஏறிய கிழவர், அவருடைய நாய், நாய்க்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று நடந்த சண்டை, அதோடு நேரம் முடிந்தது. போனில் நீ பேசுகிறாய், நான் கேட்கிறேன். காகிதத்தில்தான் எனக்கு வாய் முளைக்கிறது.

சேதி இதுதான். ராணுவக் கிடங்கில் பாராசூட் தைக்கும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். எங்கள் ஆலையிலிருந்து நானும் போனேன். இரண்டு நைலான் பட்டைகளைக் கொடுத்து இணைக்கச் சொன்னார்கள். அந்தத் துணி கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, அப்படி வழுக்குகிறது. தைத்து முடித்ததை ஒரு இயந்திரத்தில் மாட்டி இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பட்டை கிழிந்தது, என் தையல் அப்படியே நின்றது. சோதித்த அம்மாள் வாயே திறக்காமல் என் பெயருக்கு எதிரில் ஒரு டிக் போட்டார். அந்த டிக்கைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை. இதை உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

இத்தனை வருஷமாகக் காலர் தைக்கிறேன். காலருக்கு மேல் யாருடைய கழுத்து வரும் என்று எனக்குத் தெரியாது, அந்தக் கழுத்துக்கும் என்னைத் தெரியாது. கிழிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சட்டை வாங்குவார்கள். இது அப்படியில்லை. என் தையலை நம்பி ஒரு ஆள் ஆகாயத்திலிருந்து குதிப்பான். எனக்கு அந்த வேலை வேண்டும். இவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை என்று உனக்குத் தெரியும்.

ஒரு படி பாக்கி இருக்கிறது. பாதுகாப்பு அனுமதி என்கிறார்கள். நாம் எப்படிப்பட்டவர்கள், யாரோடு பழகுகிறோம், வெளிநாட்டில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து, இவளை உள்ளே விடலாம் என்று ஒரு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். நிரப்ப வேண்டிய விண்ணப்பப் பாரம் தலையணை கனத்துக்கு இருக்கிறது. வெளிநாட்டில் எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். அதனால் நீ அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய வருஷம், வீட்டு முகவரி, மாப்பிள்ளை எந்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்கிற விவரம், எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பு. நாய்க்கதை வேண்டாம்.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 26

என் அருமை அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். பட்டை கிழிந்து தையல் நின்ற இடம் வந்ததும் பக்கத்திலிருந்த டிரைவரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஏன் அடித்தாய் என்று கேட்டார். எங்கள் அண்ணி பாராசூட் தைக்கப் போகிறார் என்றேன். அதற்கு என்னை ஏன் அடித்தாய் என்றார். இங்கே எல்லாரும் இப்படித்தான், விளக்கம் கேட்டே பொழுதைப் போக்குவார்கள்.

அண்ணி, இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். அந்தப் பாரத்தில் என்னை எழுதாதீர்கள்.

பாரத்தில் உறவினர் என்றுதானே கேட்டிருக்கிறார்கள்? சட்டப்படி நான் உங்களுக்கு யார்? அண்ணனும் நீங்களும் பிரிந்த அன்றே அந்த உறவும் போயிற்று. கோர்ட்டே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. ஒருவரும் உங்களைப் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது.

என்னை எழுதினால் உங்கள் மாப்பிள்ளையையும் எழுத வேண்டி வரும். இவர் வேலை பார்ப்பது படைமுகாமில். சமையற்கூடம்தான். கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்பார். சூப்பில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே ராணுவ ரகசியம். ஆனால் சம்பளச் சீட்டில் ராணுவத்தின் பெயர் இருக்கிறதே. அதைப் பார்த்தால் உங்கள் அதிகாரி சும்மா விடுவாரா? இன்னொரு நாட்டுப் படையில் வேலை செய்கிறவன் பெண்டாட்டியோடு சிநேகமாக இருக்கிறவளைப் பாராசூட் பக்கம் அண்ட விடுவாரா?

எழுதித்தான் தீருவேன் என்றால், ஓட்டலில் சமையல் என்று எழுதுங்கள். சமையல் சமையல்தானே. அவரும் சரி என்றுவிட்டார்.

கேட்ட விவரங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்டு நான் தராமல் இருக்க முடியாது என்பதால் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் சந்தோஷப்படுவேன். என்னால் உங்களுக்கு ஒரு நல்லது நடக்காமல் போய்விட்டது என்று இருக்கக் கூடாது அண்ணி.

உங்கள்
வாயாடி

*

மார்ச் 12

வாயாடி,

கிழிக்கவில்லை. அப்படியே எழுதிவிட்டேன். படைமுகாம் சமையற்கூடம் என்றே எழுதியிருக்கிறேன், ஓட்டல் இல்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொண்டால் போனை அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அண்ணனும் வந்திருந்தார். விசாரணைக்காக அவரையும் கூப்பிடுவார்களாம், முன்னாள் கணவர் ஆயிற்றே. வாசலில் நின்றபடியே, “நமக்குள்ளயே ஒண்ணுமில்லேன்னு ஆயாச்சு. அவளை எதுக்கு நடுவுல இழுத்து விடுற? பேசாம இல்லைன்னு போட்டுடு” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கு எப்போதும் நல்ல எண்ணம்தான், அதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை.

பாரத்தை வாங்கிக்கொள்கிற குமாஸ்தாவும் அதையே சொன்னார். உறவினர் என்ற கட்டத்தில் உன்னை எழுதத் தேவையில்லையாம். சட்டம் உங்கள் எல்லார் பக்கமும்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். நாங்கள் பிரிந்தபோது சாமான்களைப் பங்கு போட்டோம். பிரிட்ஜ் அவருக்கு, கட்டில் அவருக்கு, தையல் மெஷின் எனக்கு. கோர்ட்டில் அவர் பக்கம் உட்கார வேண்டிய நீ, எழுந்து வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என்னிடம் பாதியைக் கொடுத்தாய். அன்றைக்கே நீ என் பங்குக்கு வந்துவிட்டாய். அதற்கு முத்திரை குத்தவில்லை என்பதற்காக இல்லை என்று எப்படி எழுதுவேன்?

இன்னொரு கட்டத்தில், வெளிநாட்டவர் யாரோடாவது ‘நெருங்கிய, நீடித்த தொடர்பு’ உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். படித்ததும் எனக்குக் காது சிவந்துவிட்டது. தொடர்பு என்றால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியாமல் யாரோ எழுதியிருக்கிறார்கள். அதிலும் உன்னைத்தான் எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் நாத்தனார் என்று போட்டேன். எத்தனை நாளுக்கொரு முறை பேசுவீர்கள் என்று இருந்தது. இவள் விடும்போது என்று எழுத நினைத்து, வாரம் ஒரு முறை என்று எழுதினேன்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. வேலை போனால் போகிறது என்று சொல்ல என்னால் முடியாது. அந்த வேலை எனக்கு வேண்டும். உன்னை மறைத்து வாங்கினால், அங்கே உட்கார்ந்து தைக்கும்போது ஒவ்வொரு மடிப்பிலும் நீ வந்து நிற்பாய். உன் வாய் வேறு சும்மா இருக்காது.

அண்ணி

*

மே 20

அன்புள்ள வாயாடிக்கு,

நேர்காணல் முடிந்தது. நீ ஆசைப்பட்டபடி ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ஒரு சின்ன அறை. மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலில் தூசி படிந்த திரை. திரையின் ஓரம் பிரிந்து தொங்கியது, அதைத் தைக்கச் சொல்லி என் கை துடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி என் வயதுதான் இருப்பார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. மிரட்டுவார் என்று நினைத்துப் போனேன். மனிதர் முதலில் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“விவாகரத்து ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் நாத்தனார்னு எழுதியிருக்கீங்க. அது எப்படிங்க?” என்றார்.

“நான் அவரைத்தான் சார் விவாகரத்து பண்ணேன். இவளைப் பண்ணலையே.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை எங்கேயோ வைத்துப் பூட்டினார். பிறகு மாப்பிள்ளையைப் பற்றி வந்தது. முகாமின் பெயர், அங்கே என்ன செய்கிறார், என்னிடம் முகாமைப் பற்றி ஏதாவது பேசியிருக்கிறாரா. சூப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

“இதை நீங்க எழுதாம விட்டிருக்கலாம். உறவினர் பட்டியல்ல இவங்க வரமாட்டாங்க. ஏன் எழுதினீங்க?” என்று கேட்டார்.

“நீங்க தெரிஞ்சுக்க நினைக்கிறது பட்டியலையா சார், என்னையா?” என்றேன். துடுக்காகப் பேசிவிட்டேனோ என்று பிறகு பயந்தேன். அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டி, அதையும் எழுதினார். எதைச் சொன்னாலும் எழுதுகிறார் வாயாடி. வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஒருவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது, அவர் என் கழுத்துக்கே கத்தி வைத்தாலும்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். உன்னிடம் இதை மறைக்கலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. “உங்க பைல்ல வேற ஒரு சிக்கலும் இல்லைங்க. இந்த ஒரு தொடர்புதான் நிறுத்தி வச்சிருக்கு. விடச் சொல்லல. நிலைமையைச் சொல்றேன், அவ்வளவுதான்” என்றார். முதல் அணியில் எனக்கு வைத்திருந்த மெஷினை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது அணிக்கு இடம் இருக்கிறதாம், அதற்குள் முடிவு வர வேண்டும்.

நீ இதை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எப்போதும் போல எழுது.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 8

அண்ணிக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். போனும் எடுக்க மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள்.

உங்களைப் பொய் சொல்ல வைக்க யாராலும் முடியாது. நானும் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். அதனால் உண்மையையே மாற்றிவிடுகிறேன். இனி அவர் கேட்டால், தொடர்பு இல்லை என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அது சத்தியமான வார்த்தையாகவே இருக்கும்.

எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்திருந்தாலும் உங்களைப் போல ஒரு அண்ணி கிடைத்திருக்க மாட்டார். பாரத்தில் என்னை எழுதினீர்கள் பாருங்கள், அது எனக்குப் போதும். என் ஆயுசுக்கும் போதும். நன்றாகத் தையுங்கள்.

வாயாடி

*

ஜூலை 15

அடியே,

நீ எழுதாதே என்றால் நான் எழுதாமல் இருக்க வேண்டுமா? யாரைக் கேட்டு முடிவு செய்தாய்?

போன் அடித்து அடித்து நின்றுபோகிறது. முதல் சில நாள் கோபம் வந்தது. பிறகு உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வாயே மூடாத ஒருத்தி எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. உன்னை எனக்குத் தெரியும், பேசாமல் இருந்தால் உனக்கு வயிறு வலிக்கும். மாப்பிள்ளை பாவம், எல்லாவற்றையும் அவர் ஒருவரே கேட்க வேண்டியிருக்கும்.

இங்கே சேதி ஒன்றுமில்லை. காலர்தான் தைக்கிறேன். ஆலையில் புது மெஷின்கள் வந்திருக்கின்றன, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடுகின்றன. நேற்று சாயங்காலம் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. எனக்கு அமைதி பிடிக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் போடு.

அண்ணி

*

அக்டோபர் 3

அன்புள்ள வாயாடிக்கு,

ஆகஸ்டில் எழுதியதற்கும் பதில் இல்லை, செப்டம்பரில் எழுதியதற்கும் இல்லை. நீ பிடிவாதக்காரி என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. எப்படியும் படிக்கிறாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முந்தாநாள் மறுபடியும் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே கண்ணாடிக்காரர். திரையை மாற்றியிருந்தார்கள். இரண்டாவது அணிக்கான முடிவை இந்த மாதம் எடுக்க வேண்டும், பழைய விவரங்களில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

வாயாடி, என் மடியில் நீ வைத்துவிட்டுப் போன பதில் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் போதும், வேலை கிடைத்துவிடும். அது முழுக்கப் பொய்யும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

“அவ இப்ப எழுதுறதில்ல சார். போனும் எடுக்கிறதில்ல. நான்தான் மாசாமாசம் எழுதுறேன்” என்றேன்.

“பதிலே வரலைன்னா, தொடர்பு நின்னுடுச்சுன்னு குறிச்சுக்கலாமா?”

“வேண்டாம் சார்.”

“ஏன்?”

“எனக்கு இந்த வேலை கிடைக்கணும்னுதான் சார் அவ எழுதாம இருக்கா. இதைவிட நெருங்கின தொடர்பு எனக்கு வேற யாரோடயும் இல்ல.”

அவர் பேனாவை மூடினார். இரண்டு கண்ணாடிகளையும் கழற்றித் துடைத்தார். எந்தக் கண்ணாடியை எங்கே மாட்டுவது என்று குழம்பினார். பிறகு, “இதை அப்படியே எழுதினா உங்களுக்கு நல்லதா கெட்டதான்னு என்னால சொல்ல முடியாது” என்றார். அப்படியே எழுதுங்கள் என்றேன். எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் போனது, ஏறத் தோன்றவில்லை. வேலை கைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். உன் மேல் கோபம் இல்லை. அவர் மேலும் இல்லை. உனக்காக நான் விட்டுக்கொடுத்தேன் என்று மட்டும் நீ நினைத்துவிடாதே. நான் யார் என்று கேட்டார்கள், சொன்னேன்.

அண்ணி

*

அக்டோபர் 19

அண்ணி,

கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் படித்தேன். திரும்பிப் போகும் நேரம் வந்தும் கிளப்ப முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ, “வண்டி ரிப்பேரா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நான் பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையை மாற்றிவிட்டேன் என்று எழுதினேனே, எவ்வளவு திமிர் எனக்கு. நான் செய்ததெல்லாம் வாயை மூடியதுதான். உண்மை அது பாட்டுக்கு உங்களிடம் இருந்திருக்கிறது.

உங்கள் ஜூலைக் கடிதம், ஆகஸ்ட் கடிதம், செப்டம்பர் கடிதம், எல்லாம் படித்தேன். ஒவ்வொரு தடவையும் போனைக் கையில் எடுத்து வைத்தேன். இவர் ஒரு நாள், “நீ பேசலைன்னா நான் பேசுறேன், எனக்குக் காது வலிக்குது” என்றார்.

உங்களைப் பற்றி டிப்போவில் இதுவரை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பட்டை கிழிந்து உங்கள் தையல் நின்றதைச் சொன்னபோது சிரித்தார்கள். அந்த அறையில் நீங்கள் சொன்னதை நேற்று சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. நான் முதுகில் அடித்தேனே, அந்த டிரைவர் எழுந்துபோய் எனக்கு டீ வாங்கி வந்தார். விளக்கம்கூடக் கேட்கவில்லை.

வேலை கிடைக்காவிட்டால் அது என்னால்தான். எத்தனை சமாதானம் சொன்னாலும் அப்படித்தான் நினைப்பேன், அதை என்னிடமிருந்து பிடுங்காதீர்கள். ஆனால் இனி உங்களிடம் பேசாமல் இருக்க மாட்டேன். அந்த அதிகாரியிடம் போய் உடனே சொல்லுங்கள். நாத்தனார் எழுதிவிட்டாள், இனி நிறுத்த மாட்டாள், முடிந்தால் அவரையும் ஒரு நாள் போனில் பிடித்துக்கொள்வாள் என்று.

உங்கள், உங்களுக்கு மட்டுமேயான,
வாயாடி

*

அக்டோபர் 30

வாயாடி,

இன்று தபால்காரர் இரண்டு உறைகளை ஒன்றாகக் கொடுத்தார். ஒன்று உன்னுடையது. இன்னொன்று கிடங்கிலிருந்து வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. இரண்டாவது அணியில் மெஷின். நிபந்தனைகள் இருக்கின்றன. உன் வீட்டு விவரம் மாறினால் நான் தெரிவிக்க வேண்டும். உன்னைப் பார்க்க அங்கே வருவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், கொடுக்காமலும் போகலாம். அதனால் நீங்கள் இருவரும்தான் இங்கே வர வேண்டியிருக்கும். மாப்பிள்ளைக்கு என் சமையல் பிடிக்காது, பொறுத்துக்கொள்ளச் சொல். கடைசிப் பத்தியில், இந்தத் தொடர்பு தொடர்கிறது, விண்ணப்பதாரர் தாமாகவே தெரிவித்தார் என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். அந்த வரியை நான் பல தடவை படித்தேன்.

திங்கட்கிழமை சேர்கிறேன். அன்று காலை அந்தக் கண்ணாடிக்காரரிடம்தான் முதலில் போக வேண்டும், கடைசியாக ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது. அவர் எதையும் விடாமல் கேட்கிறவர். இரண்டு உறைகளும் ஒன்றாக வந்தனவே, எதை முதலில் பிரித்தீர்கள் என்று கேட்டாலும் கேட்பார். கேட்டால் மறைக்க மாட்டேன். உன்னுடையதைத்தான்.

உன் அண்ணி